இராக்காவல்

என் பெரிய தந்தையாரின் குமாரர் ஓசூரில் வசிக்கிறார். அவர் உத்தியோகம் யாதெனின், இணைய விளையாட்டொன்றில் கூடும் பல்லாயிரவர் நடுவே நின்று, முறையீடு கேட்டு, வசைமொழிவோரை விலக்குதலாம். ‘கம்யூனிட்டி மானேஜர்’ என்பது பதவிப்பெயர். கம்பெனி அத்திப்பள்ளிக்கு அப்பால் பெங்களூரிலுள்ளது. இவர் வேலை வீட்டிலிருந்தே. சிப்காட் தொழிலாளர் இரண்டாம் ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் வேளையே இவருக்குக் காலைப்பொழுது.

விடுமுறையில் ஓரிரவு அருகிருந்து பார்த்தேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கில எழுத்திலேயே வந்து குவிகின்றன. எல்லையூரில் வளர்ந்தவராதலின் மும்மொழி வசையும் அண்ணனுக்குப் பாடம். (தொல்காப்பியம் கற்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை!) பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களை 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் சட்டமியற்றித் தடுத்தபோது பெங்களூரில் பலர் வேலையிழந்தனர், இவரது விளையாட்டில் பந்தயமின்மையால் இவர் பிழைத்தார்.

இரண்டு மணியளவில் ஒருவன், “நாளைக்கு நான் இருக்க மாட்டேன்” என்றெழுதினான். விளையாட்டை விடுகிறானா, வேறெதையேனும் விடுகிறானா? அவன் மெய்ப்பெயரும் ஊரும் அண்ணன் அறியார். ஏசுவோனை நீக்க விதியுண்டு. இதற்கு விதி யாது? சிலர் நகைத்தெழுதினர். அவர்கள் வாயை அடைத்துவிட்டு, அவனுக்குத் தனியே, “சாப்பிட்டியா தம்பி?” என்று எழுதினார். அவ்வளவே.

பதினொரு நிமிஷம் திரையில் ஒன்றும் தோன்றவில்லை. நான் கடிகாரத்தையே நோக்கியிருந்தேன்.

“இல்லண்ணா” என்று வந்தது.

அண்ணன் நாற்காலியை முன்னிழுத்து, என்னை உறங்கப் போகச் சொன்னார். கதவிடுக்கில் வெளிச்சம் விடியுமட்டும் இருந்தது.