"கண்ணு, சத்தம் போடாம வா!" - மசினகுடி கொல்லைப்புறத்துக்கு வரும் விருந்தாளிகள்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. சித்தி வீட்டுக்குப் போனதும் கட்டிலில் விழுந்தவளை சாயங்காலம் அவர்தான் எழுப்பினார். "கண்ணு, சத்தம் போடாம பின்வாசலுக்கு வா."

துணிக்கொடிக்குக் கீழே புள்ளிமான்கள்! எண்ணிப் பார்த்தேன், 11. சித்தியின் நைட்டிக்கு அடியில் ஒரு குட்டி நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆண் மான் ஒன்று முருங்கை மரத்தில் கொம்பை உரசியது. கொம்பின் மேல் வெல்வெட் மாதிரி ஒரு தோல் கிழிந்து தொங்கியது. மான் கொம்பு, மாட்டுக் கொம்பு போல ஆயுசுக்கும் ஒன்றல்ல. விழுந்து விழுந்து முளைக்கும். புதுக் கொம்பு முற்றியதும் அந்தத் தோலை இப்படித்தான் உரித்துப்போடும்.

அவ்வளவு பெரிய முதுமலைக் காடு இருக்க, இங்கே ஏன் வருகின்றன? செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் பயந்துதான். ஆள் நடமாட்டம் இருந்தால் அவை கொஞ்சம் தயங்கும். அதனால் இருட்டியதும் மான்கள் வீடுகளை ஒட்டிப் படுத்து அசைபோடுகின்றன.

செல்ஃபி ஆசையில் ஒரு வாழைப்பழத்தை நீட்டப்போனேன். சித்தி கையைப் பிடித்துவிட்டார்.

"அடுத்த தெருவுல இப்படித்தான் ஒரு மானுக்குப் பழக்கிவிட்டாங்க. பழத்தோலோட கவரையும் சேர்த்துத் தின்னுடுச்சு. செத்தப்புறம் வயித்தை அறுத்துப் பார்த்தா பூரா பிளாஸ்டிக். நம்ம கைய நம்பித்தானே வந்துச்சு?"

தீனி போட்டால் வனத்துறை அபராதம் போடும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் பழத்தை நீட்டினேனே!

ராத்திரி ஒன்பது இருக்கும். வெளியே "க்கூ" என்று ஒரு கூர்மையான சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். எல்லா மான்களும் எழுந்து, வாலைத் தூக்கி, வேலிப் பக்கமே பார்த்து நின்றன. ஒன்று முன்காலால் தரையைத் தட்டியது. சித்தி பேசாமல் தாழ்ப்பாளைப் போட்டார். "அதுங்க வந்தா, அதுங்க பின்னாடி வர்றதும் வரும்."

அப்புறம் எங்கே தூங்குவது?

விடிந்ததும் பின்வாசலுக்கு ஓடினேன். எண்ணினால் 10. திரும்ப எண்ணினேன், 10தான்.

சித்தி காபி டம்ளரோடு வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினார். பின்னாலிருந்து இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. ஆடிக்கொண்டிருந்தன.