சில்க்ஸ்டோன்: கல் சொல்லாத காரணம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பார்ன்ஸ்லி நகருக்கு அருகே இருக்கிறது சில்க்ஸ்டோன் கிராமம். அதன் தேவாலய வளாகத்திலுள்ள பழைய நினைவுச் சின்னத்தில் 26 பெயர்கள். 15 சிறுவர்கள், 11 சிறுமிகள். மூத்தவருக்கு வயது 17. இளையவருக்கு 7. இடியையும் மழையையும் ஏவியது ஆண்டவன், நேர்ந்தது அவன் செயல் என்கிற தொனியில் பேசுகிறது கல்வெட்டு.

1838 ஜூலை 4. ஹஸ்கர் நிலக்கரிச் சுரங்கம். கொட்டிய மழையில் கொதிகலனின் நெருப்பு அணைந்தது. ஆட்களை மேலே தூக்கும் நீராவி இயந்திரம் நின்றுபோனது. அடியில் காத்திருந்த பிள்ளைகளில் சுமார் 40 பேர், நாப்ஸ் காட்டில் போய்த் திறக்கும் சரிவுப் பாதை வழியாக வெளியேற முயன்றனர். வழியில் இருந்த காற்றோட்டக் கதவைத் தாண்டினார்கள். அதற்குள் வெளியே ஓடை உடைத்துக்கொண்டது. உள்ளே பாய்ந்த வெள்ளம் அவர்களை அதே கதவோடு சேர்த்து அழுத்தியது. 26 பேர் மூழ்கினர்.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பூமிக்கடியில் என்ன வேலை? கல்வெட்டில் பதில் இல்லை. அக்காலச் சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்து இதுபோன்ற கதவுகளைத் திறந்து மூடினார்கள். சற்று வளர்ந்தவர்கள் கரி வண்டிகளை இழுத்தார்கள், தள்ளினார்கள். தாழ்வான பாதைகளுக்குச் சின்ன உடம்பு தோதாக இருந்தது, கூலியும் குறைவு. மழை ஆண்டவன் அனுப்பியதாகவே இருக்கட்டும். பிள்ளைகளை அனுப்பியது மனிதர்கள்.

1842-ல் அரசு விசாரணைக் கமிஷனின் அறிக்கையும் அதிலிருந்த படங்களும் பிரிட்டனை உலுக்கின. அதே ஆண்டு வந்த சட்டம், பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது.

1988-ல், விபத்தின் 150-ம் ஆண்டில், நாப்ஸ் காட்டில் இன்னொரு நினைவிடம் எழுந்தது. கட்டியவர்கள் ஊர் மக்கள்.

10 வயது நிரம்பிய பையன்கள் 1842-க்குப் பிறகும் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.