எதிர்வீட்டுச் சாவி

நான் பிறந்த ஊர் திண்டுக்கல். பிழைக்க வந்த ஊர் தில்லி. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தில்லிக்கு அருகிலுள்ள அலிகாரும் பூட்டுக்குப் பெயர் போனதே. ஆகவே, ஓய்வு பெற்றபின் சாவியின்றிப் பூட்டைத் திறக்கப் பழகியதில் வியப்பில்லை என்று நான் எண்ணினேன். என் மனைவியோ, "இந்த வயதில் உங்களுக்குக் கள்ளனின் வித்தை எதற்கு?" என்றாள்.

சொந்தப் பணத்தில் வாங்கிய பூட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை, எந்தக் கதவிலும் கைவைப்பதில்லை என்று அவளுக்கு வாக்களித்தேன்.

பித்தளைப் பூட்டினுள் ஓர் உருளை உண்டு. அதைத் திரும்பவிடாமல் தடுப்பவை சுருள்வில் அழுத்தும் சிறு முளைகள். ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரு துண்டு. உரிய சாவி நுழைந்தால், துண்டுகள் பிரியும் இடமெல்லாம் உருளையின் விளிம்போடு பொருந்தும், பூட்டுத் திறக்கும். சாவி இல்லாதவன் உருளையை மெல்லத் திருகிப் பிடித்தபடியே, கம்பியால் முளைகளை ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். எளிய பூட்டை ஒரு வாரத்தில் வென்றேன்.

அடுத்த பூட்டு என்னை ஏய்த்தது. அதன் மேல்முளைகள் உடுக்கைபோல் இடை சிறுத்தவை. உருளை சற்றே திரும்பும், திறந்துவிட்டதென்று மகிழ்வோம், அங்கேயே நின்றுவிடும். முளையின் இடை சிக்கிக்கொண்டிருக்கும். வலிந்து திருகிப் பயனில்லை. பிடியைத் தளர்த்தி, உருளை சிறிது பின்வாங்க இடங்கொடுத்தால்தான் முளை உயரும். அப்போது முன்பு நிறுத்திய முளைகள் விழுந்துவிடுவதும் உண்டு. இரண்டு மாதம் போராடினேன்.

அந்நாளில் எதிர்வீட்டில் திருட்டு நடந்தது. எவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் மௌனமாயினர். முப்பது ஆண்டுகளாய் அயலூரில் காத்த நற்பெயர் அந்த மௌனத்தில் ஊசலாடிற்று.

"கம்பிகளை ஒளித்து வையுங்கள்" என்றாள் மனைவி. எனக்கோ 1851-இல் இலண்டனில் புகழ்பெற்ற பிராமா பூட்டை 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் நினைவுக்கு வந்தார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. நடுவர்களை வைத்துக்கொண்டே செய்தார்.

கம்பிகளையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பெரியவரிடம் சென்றேன். எல்லாவற்றையும் அவர்முன் பரப்பினேன். பிறகு அவர் கதவை இருவருமாகப் பார்த்தோம். பூட்டு பூட்டியபடியே தொங்கியது! கள்ளன் நாதாங்கியைக் கடப்பாரையால் நெம்பி, திருகாணிகளோடு பெயர்த்திருந்தான். நல்ல பூட்டை வாங்கிக் குட்டைத் திருகாணியில் மாட்டினால் பயனென்ன? மறுநாளே கதவை ஊடுருவும் மரையாணிகள் போட்டு, நாதாங்கியைப் புதிதாய் அமைத்தோம்.

அந்தக் கோடையில் அவர்கள் ஊருக்குப் போகையில், பெரியவர் தம் வீட்டுச் சாவியை என் மனைவியின் கையில் கொடுத்தார். அவர்கள் திரும்பும்வரை அக்கதவின் பக்கம் நான் தலைவைத்தும் பார்க்கவில்லை.