கண்ணுக்கு எட்டாத ஒட்டு

மரக் கிளைடரைப் பழுதுபார்க்க உளிக்கு முன்னால் வேண்டியவை டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும். ஸ்லிங்ஸ்பி டி-21இன் இறக்கைக்குள் இவ்விரண்டையும் விட்டுப் பார்க்காமல் நான் எதையும் அறுப்பதில்லை.

யார்க்‌ஷயரின் கிர்பிமூர்சைடில் ஃபிரெட் ஸ்லிங்ஸ்பியின் பட்டறையில் உருவான கிளைடர் இது. முதல் டி-21 பறந்தது 1944இல். பிறகு வந்த டி-21பி, பிரிட்டிஷ் விமானப்படையில் 'செட்பர்' என்ற பெயரோடு 1980கள் வரை ஏர் கேடட் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. மேல்மூடி கிடையாது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். காற்றின் சத்தம் ஏறுவதையும் தணிவதையும் வைத்தே வேகத்தைப் பிடிபடவைத்துவிடலாம். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இருக்கை அமைப்பு வரவில்லை என்பது என் எண்ணம்.

மாணவர் இறக்கும்போது கிளைடர் தரையில் மோதத்தான் செய்யும். மூக்கின் கீழுள்ள சறுக்குக்கட்டையும் சக்கரமும் வாங்கும் அடி, அவற்றைத் தாங்கும் சட்டங்களுக்குப் போகிறது. வெளியே பெயின்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் உள்ளே பிளைவுட் சட்டத்தை விட்டு விலகியிருக்கலாம். அதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர்தான் பொல்லாதது. ஒழுகும் டிரெய்லரில் ஒரு மழைக்காலம் கிடந்தால் போதும். நீர் இறக்கையின் பின்விளிம்புக்கு இறங்கி, வடிகால் துளை அடைத்திருந்தால் அங்கேயே தங்கிவிடும். பால் புரதத்திலிருந்து செய்த கேசீன் பசை ஈரத்தில் பூசணம் பிடித்து மக்கும். அதனால் இறக்கையைப் போர்த்திய துணியைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். புளித்த வாடை வந்தால் அந்தப் பகுதி முழுக்கத் திறந்தாக வேண்டும். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் நல்ல ஒட்டு கணீரென்று பேசும். விட்டுப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் தீராவிட்டால் மெல்லிய ஃபீலர் தகட்டை ஒட்டின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பேன். அது நுழைந்தால் அங்கே ஒட்டு இல்லை.

ஒட்டுப்போடுவதில் அவசரத்துக்கு இடமே இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட்டை 12 மடங்கு நீளத்துக்கு, அதாவது 18 மில்லிமீட்டருக்குச் சரிவாக இழைக்கிறேன். அந்தச் சரிவின் அகலம்தான் பசைக்குப் பிடிமானம். ரெசார்சினால் பசை கருஞ்சிவப்பாகப் பிதுங்கி வருவது எனக்குப் பிடிக்கும். எங்கே பரவியது, எங்கே பரவவில்லை என்று சொல்லிவிடும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, காய்ந்த பின் உடைத்துப் பார்ப்பேன். மரநார் கிழிய வேண்டும். பசைக்கோட்டிலேயே பிரிந்தால் அந்தக் கலவையால் செய்த வேலை எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்குவேன். முடிந்த வேலையைப் பெயர்ப்பது வலிக்கும். ஆனாலும் முதன்முறை பறக்க வரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒட்டைச் சோதிக்க வழி ஏது? துணியை இழுத்து ஒட்டி, அதை இறுக்கும் டோப் பூச்சைப் பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் ஆசிரியருக்கும் கிடையாது.

அந்தப் பெயின்டுக்கும் எடை உண்டு. எல்லாம் காய்ந்த பிறகு கிளைடரைத் தராசில் ஏற்றி, ஈர்ப்பு மையத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, இருவரும் சேர்ந்து எத்தனை கிலோ வரை ஏறலாம் என்ற பலகையை மாற்றி எழுதிய பின்தான் பட்டறைக் கதவைத் திறக்கிறேன்.