எடை குறைந்தது, இடை குறையவில்லை



மூன்று வாரங்களாகச் சோற்றைக் குறைத்தேன். தேநீரில் சீனியை நிறுத்தினேன். எடை மூன்று கிலோ இறங்கியது. மகிழ்ச்சியோடு இரவிக்கை தைக்கக் கொடுக்கச் சென்றேன். தையற்கார அக்காள் அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய அளவுதான், டீச்சர்" என்றார். இடுப்பு அதே 88 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கு அது 80க்குள் இருத்தல் நலம் என்பர். நீரிழிவு நோயால் தந்தையை இழந்தவள் நான், மனம் சோர்ந்தது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவிடம் கூறினேன். அவர் சிரித்தார். "மழையில் நனைந்த கொழுந்து தராசில் கனக்கும். ஈரத்தைக் கழித்துத்தான் கணக்கு எழுதுவார்கள். உனக்கும் முதலில் ஈரந்தான் போயிருக்கிறது."

அறிவியலும் அதையே கூறுகிறது. உடலில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் முதலில் வெளியேறுவது அந்நீரே. கொழுப்பு மெல்லத்தான் கரையும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி உலர்ந்தல்லவா ஒரு கிலோ தேயிலையாகிறது!

இப்போது பள்ளி முடிந்ததும் மேட்டுப் பாதையில் நடக்கிறேன். தராசை வாரம் ஒரு முறை, நாடாவை மாதம் ஒரு முறை எடுக்கிறேன். மாணவர்க்குக் காட்டும் பொறுமையை எனக்கும் காட்டப் பழகுகிறேன். இரவிக்கைத் துணி இன்னும் அக்காளிடமே இருக்கிறது.