மாட்டை அவிழ்த்துவிட்ட ஊர்!

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே, மிசிசிப்பியில் ரம் ஆறு கலக்கும் இடத்தில் இருக்கிறது அனோகா. ஒரு காலத்தில் ஹாலோவீன் இரவு வந்தால் இந்த ஊர்ப் பையன்களுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்குத் திண்டாட்டம். மாடுகளைத் தெருவில் அவிழ்த்துவிடுவார்கள். ஜன்னலெல்லாம் சோப்பு தேய்ப்பார்கள். கொல்லைப்புறக் கழிப்பறையைக்கூடக் கவிழ்த்துவிடுவார்கள். (உள்ளே ஆள் இருந்தாரா என்று கேட்காதீர்கள்!)

பிள்ளைகளை வீட்டில் பூட்டிவைக்கவா முடியும்? 1920-ல் ஊரே கூடி அவர்களுக்காக ஒரு ஊர்வலம் நடத்தியது. கூடவே பாப்கார்ன், வேர்க்கடலை, மிட்டாய், நம்மூர் சொக்கப்பனை மாதிரி ஒரு பெரிய தீ. சேட்டைக்கு எங்கே நேரம்?

நூறாண்டு தாண்டியும் அக்டோபரில் ஊர்வலம் தொடர்கிறது. இருட்டில் முன்பின் தெரியாத கதவைத் தட்ட வேண்டியதில்லை. பட்டப்பகலில், அப்பா அம்மா கையசைக்க, குட்டிச் சூனியக்காரிகள் நடுரோட்டில் நடக்கிறார்கள். குளிர் அதிகம் என்றால் பேய் அங்கிக்குள்ளே ஸ்வெட்டர்!