பாலமும் சணலும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்

டண்டி என்றவுடன் தமிழ்த்துறை நண்பர்கள் தண்டியலங்காரத்தை நினைத்துக்கொள்ள வேண்டா. வரலாற்றுத்துறையினர் உப்புச் சத்தியாக்கிரகத்திற்குக் கிளம்பிவிடவும் வேண்டா. நான் சொல்லும் டண்டி, ஸ்காட்லாந்தின் கிழக்கே, டே ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் இருக்கும் நகரம். அங்கே நான் போனவனில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விமானப் படி ஏறும் முறை இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆயினும் நூலகத்தில் நிலப்படமும் புத்தகமுமாக அந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

காரணம் ஒரு பாலம். காற்றின் அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடந்தபோது எங்கள் பேராசிரியர் டே பாலத்தைச் சொன்னார். 1878-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி, 1879 டிசம்பர் 28 இரவு புயலில் சரிந்து, மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. வடிவமைத்த தாமஸ் பவுச், பக்கவாட்டில் மோதும் காற்றின் விசைக்கென்று தனியாகக் கணக்கு வைக்கவில்லை. வார்ப்பிரும்பு வேலையிலும் குறைகள் இருந்தன. 1887-இல் திறந்த புதிய பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே பழைய தூண்களின் அடிக்கட்டைகள் நீருக்குமேல் தலைநீட்டி நிற்கின்றனவாம். இயற்பியல் மாணவனுக்கு இதைவிடச் சுற்றுலாத் தலம் வேறென்ன வேண்டும்? ஆற்றில் விழுந்த எஞ்சினைத் தூக்கிப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள் என்பது உபரிச் செய்தி. நாமாக இருந்தால் முதலில் ஒரு பூசணிக்காய் உடைத்திருப்போம்!

ஊரின் நடுவே 174 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. ஆதியில் எரிமலையாக இருந்ததன் எச்சம். அதன்மேல் நின்றால் ஆறும் பாலங்களும் தெரியும். நடக்க விரும்புவோர்க்கு, 1966-இல் திறந்த சாலைப்பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே தனி நடைபாதையே உண்டு. அண்டார்டிக்காவுக்குப் போய்வந்த ‘டிஸ்கவரி’ கப்பலும் கரையோரம் நிற்கிறது. அது 1901-இல் அவ்வூரிலேயே கட்டப்பட்டது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய சணல் ஆலைதான். இப்போது அது அருங்காட்சியகம். வங்காளத்துச் சணல் கப்பலேறி அங்கே போய், திமிங்கல எண்ணெயில் பதமாகி, சாக்காகவும் கித்தானாகவும் உலகெங்கும் போயிற்று. பின்னர்க் கல்கத்தா ஆலைகள் போட்டிக்கு வர, டண்டியின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடாததால் கை ஜாடையிலேயே பேசிக்கொண்டார்களாம்.

என் அம்மா பஞ்சாலைத் தொழிலாளி. வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை அவருக்குச் சொன்னேன். “அங்கேயும் ஜாடைதானா?” என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, “காசு குடுத்துப் பாக்க வர்ற அளவுக்கு எங்க வேலையில என்னடா இருக்கு?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே இயந்திரங்களை ஓட்டியும் காட்டுகிறார்கள். அம்மாவை அதன் முன்னே நிறுத்தினால், ஓட்டுபவரின் கைப்பழக்கத்தில் நாலு குறையாவது கண்டுபிடிப்பார். எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

கடற்கரையோரம் வடகிழக்கே போனால் ஆர்புரோத். செந்நிற மணற்பாறைச் செங்குத்துகளின் மேலே நடைபாதை போகிறது. கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, நீரேற்றத்தில் முழுகிவிடும் பாறையொன்றின்மேல் பெல் ராக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ராபர்ட் ஸ்டீவன்சன் மேற்பார்வையில் ஒன்றோடொன்று கவ்வும்படி செதுக்கிய கற்களால் கட்டி, 1811-இல் விளக்கேற்றினார்கள். பவுச்சின் பாலம் இரண்டாண்டுகூட நிற்கவில்லை. இது இருநூறாண்டு கடந்தும் அலையைத் தாங்குகிறது. அடுத்த பருவத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு கருத்தரங்கக் கட்டுரை படிக்கலாமென்று எண்ணம். பேராசிரியரிடம் இன்னும் கேட்கவில்லை.

ஆர்புரோத்தில் ஹாடக் மீனைச் சோடியாகக் கட்டித் தொங்கவிட்டு, விறகுப் புகையில் வேகவைத்து விற்கிறார்கள். நம் கருவாடு போல வெயிலில் காய்வதன்று, சூடாகவே உண்ணலாம். அம்மாவுக்கு மீன் என்றால் உயிர்.